தூக்கம் வரவில்லை... ஆனாலும் வண்டியை நிறுத்தணும்! அமெரிக்க லாரி டிரைவர்களைத் துரத்தும் 14 மணி நேரக் கடிகாரம்

மாலை 7 மணி. டிரைவருக்குத் தூக்கம் வரவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறது. மழை இல்லை, பனி இல்லை, சாலையில் நெரிசலும் இல்லை. இறக்க வேண்டிய இடம் இன்னும் 60 கிலோமீட்டர்தான். ஆனாலும் அவர் வண்டியை ஓரங்கட்டியே ஆக வேண்டும். அடுத்த 10 மணி நேரத்துக்கு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. தொட்டால் இன்ஜினோடு இணைத்திருக்கும் கருவி அதைக் குறித்துக்கொள்ளும். வழியில் சோதனை செய்யும் அதிகாரி அங்கேயே வண்டியை நிறுத்திவைத்துவிடுவார்.

இரவெல்லாம் ஓட்டி, விடியற்காலையில் டீக்கடையில் முகம் கழுவிவிட்டு மறுபடியும் கிளம்பும் நம்மூர் லாரி டிரைவர்களிடம் இதைச் சொன்னால், 'இப்படியும் ஒரு சட்டமா, கொடுத்துவைத்தவர்கள்!' என்றுதான் நினைப்பார்கள். நியாயம்தான். ஆனால், அந்தக் கொடுத்துவைத்தவர்களே பல வருடங்களாக இந்தச் சட்டத்தின் மீது கடும் கோபத்தில் இருக்கிறார்கள். வழக்கு போட்டிருக்கிறார்கள், ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறார்கள்.

'ஓய்வு எடு' என்று சொல்லும் சட்டத்தின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? பதில் தெரிய வேண்டுமானால், அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுபவர்களுக்கான முக்கியமான விதிகள் இவைதான்.

* தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, அதிகபட்சம் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம்.

* அந்த 11 மணி நேரத்தையும், வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும். காலை 5 மணிக்கு வேலையைத் தொடங்கினால் மாலை 7 மணிக்குமேல் ஓட்டக் கூடாது.

* 8 மணி நேரம் வண்டி ஓட்டியிருந்தால், அதற்குமேல் ஓட்டும் முன் 30 நிமிட இடைவேளை கட்டாயம்.

* தினமும் வண்டி ஓடும் நிறுவனம் என்றால், 8 நாள்களில் 70 மணி நேர வேலைக்குமேல் ஓட்டக் கூடாது. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் இந்தக் கணக்கு மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

இதில் டிரைவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது விதி. 14 மணி நேரக் கடிகாரம் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் சாதாரணமாக நிற்காது. சாப்பிட இறங்கினாலும் ஓடும். டிராஃபிக்கில் சிக்கினாலும் ஓடும். குடோன் வாசலில் நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஓடும். கண்ணைக் கட்டுகிறதே என்று பகலில் ஒரு மணி நேரம் குட்டித்தூக்கம் போட்டாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எதற்காக வந்தது இந்தச் சட்டம்?

காரணமில்லாமல் வரவில்லை. லோடு ஏற்றிய ஓர் அமெரிக்க லாரியின் எடை 80,000 பவுண்டு வரை இருக்கலாம். நம் கணக்கில் ஏறக்குறைய 36 டன். நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது பிரேக் அடித்தால், முழுதாக நிற்பதற்குள் சுமார் 160 மீட்டர் ஓடிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் டிரைவர் இரண்டு விநாடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய லாரிகள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் அமெரிக்காவில் சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு 5,000 பேருக்கும் மேல் உயிரிழக்கிறார்கள்.

தூக்கமின்மையும் போதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்கின்றன ஆய்வுகள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகித ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவிகிதத்துக்குச் சமம். ஒரு சொட்டு குடிக்காமலே குடித்தவர்போல் ஓட்டுவார்.

அமெரிக்கா 1935-ல் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த இரண்டு, மூன்று வருடங்களில் டிரைவர்களின் வேலை நேரத்துக்கான முதல் விதிகள் வந்தன. பல திருத்தங்களுக்குப் பிறகு, 2003-ல் அறிவிக்கப்பட்டு 2004 ஜனவரியில் அமலுக்கு வந்ததுதான் இன்றைய 11 மணி – 14 மணி கணக்கு. 2020 செப்டம்பரில் சில தளர்வுகள் சேர்க்கப்பட்டன.

'காமிக்ஸ் புத்தகம்' போய் கருவி வந்தது

ரொம்ப காலத்துக்கு இந்த விதிகள் காகிதத்தில்தான் இருந்தன. டிரைவர் ஒரு 'லாக் புக்' வைத்திருப்பார். எப்போது ஓட்டினேன், எப்போது தூங்கினேன் என்று அவரே கோடு போட்டு எழுதுவார். 15 மணி நேரம் ஓட்டிவிட்டு 11 என்று எழுதினால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதிகாரியிடம் காட்ட ஒன்று, உண்மைக் கணக்குக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம் வைத்திருந்தவர்களும் உண்டு. டிரைவர்களே அதற்குக் கிண்டலாக வைத்த பெயர் 'காமிக்ஸ் புத்தகம்'. உள்ளே இருப்பதெல்லாம் கற்பனைக் கதை என்று அர்த்தம்!

2017 டிசம்பர் 18 முதல் அந்தக் கதை முடிவுக்கு வந்தது. மின்னணு லாக் கருவி கட்டாயமானது. சுருக்கமாக ஈ.எல்.டி. இது நேரடியாக இன்ஜினோடு இணைந்திருக்கும். வண்டி நகர ஆரம்பித்தாலே 'டிரைவிங்' என்று பதிவாகிவிடும். அப்படிப் பதிவான நேரத்தை டிரைவர் குறைத்துக்காட்ட முடியாது. இன்னும் எத்தனை மணி, எத்தனை நிமிடம் பாக்கி என்று கேபினில் இருக்கும் திரை காட்டிக்கொண்டே இருக்கும்.

கருவி கட்டாயமாவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு பல ஊர்களில் டிரைவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். சொந்த லாரி வைத்து ஓட்டுபவர்களின் சங்கம், 'இது அந்தரங்க உரிமையில் தலையிடுகிறது' என்று வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அந்த வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது.

ஏமாற்ற முடியவில்லை என்பதால் வந்த கோபம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் டிரைவரின் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு ஒரு விஷயம் புரியும்.

ஒரு நாள் கணக்கு

ஒரு டிரைவர் காலை 5 மணிக்கு வேலையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டயர், பிரேக், லைட் எல்லாம் சரிபார்த்து, குடோனுக்குப் போய், லோடு ஏற்றி 6.30 மணிக்குக் கிளம்புகிறார். மாலை 7 மணி வரை பன்னிரண்டரை மணி நேரம் இருக்கிறது. சாப்பாடு, டீசல், கழிவறை எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் போனாலும், 11 மணி நேரம் தாராளமாக ஓட்டலாம். இது நல்ல நாள்.

இப்போது அதே நாள். குடோனில் ஆள் பற்றாக்குறை. லோடு ஏற்ற இன்னும் நான்கு மணி நேரம் ஆகிறது. அவர் கிளம்புவது 10.30 மணிக்கு. மாலை 7 மணி வரை எட்டரை மணி நேரம்தான். இடைவேளைக்கு ஒரு மணி நேரம் போனால் ஏழரை மணி நேரம்தான் ஓட்ட முடியும். மூன்றரை மணி நேரம் காணாமல் போய்விட்டது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளமோ, மணிக்கூலியோ கிடையாது. ஓட்டிய மைலுக்குத்தான் கூலி. சராசரியாக மணிக்கு 55 மைல் என்றால், மூன்றரை மணி நேரத்துக்கு 190 மைலுக்கு மேல் போச்சு. மைலுக்கு 60 சென்ட் கூலி என்று வைத்துக்கொண்டால், அன்று ஒரே நாளில் 115 டாலர் நஷ்டம். தப்பு குடோனில். தண்டனை டிரைவருக்கு.

காத்திருந்ததற்குப் பணம் தருவார்களா? நம்மூரில் 'ஹால்டிங் சார்ஜ்' என்கிறோமே, அப்படி ஒன்று அங்கேயும் உண்டு. ஆனால், வழக்கமாக முதல் 2 மணி நேரத்துக்கு எதுவும் கிடையாது. அதற்குமேல் கிடைப்பதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. லாரி கம்பெனிக்கு வரும் அந்தப் பணம் முழுதாக டிரைவர் கைக்கு வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

80 வருடங்களைத் தாண்டிய ஒரு விதிவிலக்கு

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1938-ல் அமெரிக்கா தொழிலாளர்களுக்காக ஒரு முக்கியமான சட்டம் போட்டது. குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் செய்தால் ஒன்றரை மடங்கு கூலி எல்லாம் அதில்தான் வந்தன. ஆனால், நெடுந்தூர லாரி டிரைவர்களுக்கு ஓவர்டைம் கூலியிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். 'அவர்களின் வேலை நேரத்தைப் போக்குவரத்து விதிகள் பார்த்துக்கொள்ளும்' என்பது காரணம்.

அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. அதை நீக்க 2022-ல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை.

இந்த விலக்கின் விளைவு என்ன தெரியுமா? டிரைவரைக் காக்க வைப்பதால் யாருக்கும் செலவு இல்லை. குடோன்காரர் கூடுதலாக இரண்டு ஆள் போட்டால் அவருக்குச் செலவு. லாரியை வாசலில் நிறுத்திவைத்தால் செலவே இல்லை. அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

2018 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லாரிகள் குடோனில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவிகிதம் கூடும் என்று அது மதிப்பிட்டது. இப்படிக் காத்திருப்பதால் டிரைவர்கள் ஆண்டுக்கு இழக்கும் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டும் என்றும் சொன்னது. ஆக, காத்திருப்பு என்பது டிரைவரின் பர்ஸை மட்டும் பாதிக்கும் விஷயம் இல்லை. அதே சாலையில் குடும்பத்தோடு காரில் போகிறவர்களின் உயிரையும் பாதிக்கும் விஷயம்.

நிறுத்தச் சொல்கிறார்கள், இடம் எங்கே?

நேரம் முடிந்ததும் நிறுத்த வேண்டும். சரி, எங்கே நிறுத்துவது? 70 அடிக்கும் மேல் நீளமுள்ள வண்டியை நினைத்த இடத்தில் ஓரங்கட்ட முடியாது. அமெரிக்காவில் 11 லாரிகளுக்கு ஒரு பார்க்கிங் இடம்தான் இருக்கிறது என்று லாரித் தொழில் அமைப்புகள் சொல்கின்றன. சாயங்காலம் 5, 6 மணிக்கெல்லாம் நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்கள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருபவர்கள் நெடுஞ்சாலையில் ஏறும் சரிவுப் பாதையின் ஓரத்திலும், மூடிக்கிடக்கும் கடைகளின் வாசலிலும் நிறுத்திவிட்டுத் தூங்குகிறார்கள்.

அதன் ஆபத்தை அமெரிக்கா முழுக்கத் தெரிய வைத்தவர் ஜேசன் ரிவன்பர்க். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த 35 வயது டிரைவர். 2009 மார்ச் மாதம் பால் லோடுடன் தென் கரோலினாவுக்குப் போனார். இறக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே பக்கத்தில் வந்துவிட்டார். முன்கூட்டியே உள்ளே போக முடியாது. சுற்றுவட்டாரத்தில் பாதுகாப்பாக நிறுத்த இடம் இல்லை. கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். கொள்ளையடிக்க வந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்குக் கிடைத்தது 7 டாலர்.

அப்போது ஜேசனின் மனைவி இரட்டைக் குழந்தைகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். கணவர் இறந்த சில வாரங்களுக்குள் குழந்தைகள் பிறந்தன. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. 'டிரைவர்களுக்குப் பாதுகாப்பான பார்க்கிங் வேண்டும்' என்று மற்ற டிரைவர்களோடும் குடும்பத்தினரோடும் சேர்ந்து போராடினார். 2012-ல் அது சட்டமானது. பெயரே 'ஜேசன் சட்டம்'. பார்க்கிங் இடங்களைக் கட்ட மத்திய நிதியைப் பயன்படுத்தவும், எந்த மாநிலத்தில் எவ்வளவு பற்றாக்குறை என்று கணக்கெடுக்கவும் அது வழிசெய்தது. பற்றாக்குறை இன்றும் தீரவில்லை. ஆனால், அந்தச் சட்டம் வந்ததில் அந்தப் பெண்ணின் பங்கு பெரியது.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சட்டத்தை மாற்ற முடியாது. கருவியை ஏமாற்ற முடியாது. அப்படியானால்? அனுபவசாலி டிரைவர்கள் வைத்திருக்கும் சில வழிகள் இவை.

முதலாவது, தலைகீழாகத் திட்டமிடுவது. 'எத்தனை மணிக்குக் கிளம்பலாம்' என்று யோசிக்காமல், 'எத்தனை மணிக்கு எங்கே நிறுத்தப்போகிறேன்' என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். பலர் அதிகாலை 2, 3 மணிக்கே கிளம்பிவிடுவதற்குக் காரணம், மதியம் 3, 4 மணிக்கு நிறுத்தினால் இடம் கிடைக்கும் என்பதுதான். நேரம் பாக்கி இருந்தும் இடத்துக்காக முன்கூட்டியே நிறுத்துகிறார்கள். அந்த நேரத்துக்கும் கூலி கிடையாது.

இரண்டாவது, ஓய்வைப் பிரிப்பது. கேபினுக்குப் பின்னால் படுக்கை உள்ள வண்டிகளில், 10 மணி நேர ஓய்வை இரண்டாகப் பிரித்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. படுக்கையில் குறைந்தது 7 மணி நேரம், இன்னொரு சமயத்தில் குறைந்தது 2 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 10 வர வேண்டும். இப்படிப் பிரித்தால் மட்டும், அந்த ஓய்வு நேரம் 14 மணிக் கணக்கில் சேராது. குடோனில் 3 மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், அதைப் படுக்கையில் கழித்துக் கணக்கில் கொண்டுவருகிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். கணக்குப் போடுவதற்குள் தலை சுற்றும். அதனால் பல புது டிரைவர்கள் இதன் பக்கமே போவதில்லை.

மூன்றாவது, குடோனிலேயே நேரம் முடிந்துபோனால் என்ன செய்வது என்ற பிரச்னை. முன்பெல்லாம், 'நேரம் முடிந்துவிட்டது, வண்டியை எடுக்கக் கூடாது' என்று சட்டம் சொல்லும். 'லோடு இறக்கியாச்சு, வெளியே போ' என்று குடோன் சொல்லும். டிரைவர் நடுவில் மாட்டிக்கொள்வார். 2018-ல் வந்த விளக்கம் இதற்குக் கொஞ்சம் வழிவிட்டது. பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடம் வரை, சொந்த உபயோகம் என்ற கணக்கில் வண்டியை நகர்த்திக்கொள்ளலாம். அதற்குமேல் போகக் கூடாது.

நான்காவது, ஜோடியாக ஓட்டுவது. ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்க, வண்டி நிற்காமல் ஓடும். கணவனும் மனைவியும் சேர்ந்து இப்படி ஓட்டும் ஜோடிகள் அமெரிக்காவில் நிறைய. குழந்தைகள் வளர்ந்து தனியே போன பிறகு, மனைவியும் லைசென்ஸ் எடுத்துக் கணவரோடு வண்டியில் ஏறிவிடுகிறார். ஓடும் வண்டியில் தூங்குவது சுலபமில்லை. ஆனால், வாரக்கணக்கில் பிரிந்திருப்பதற்கு இது பரவாயில்லை என்பது அவர்கள் கணக்கு.

தனியாகப் போகும் டிரைவர்களுக்குப் பெரிய சோதனை, ஊர் தெரியாத இடத்தில் 34 மணி நேரம் ஓய்வெடுப்பது. வண்டியே வீடு. கேபினில் சின்ன ஃபிரிட்ஜ், மின்சார அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்கிறார்கள். கலிபோர்னியா தொடங்கிப் பல மாநிலங்களில் நெடுஞ்சாலை ஓரம் பஞ்சாபி தாபாக்கள் முளைத்திருக்கின்றன. பஞ்சாபிலிருந்து போன பல ஆயிரம் சீக்கிய டிரைவர்களுக்கு, பாலைவனத்துக்கு நடுவே ரொட்டியும் பருப்பும் சுடச்சுடக் கிடைக்கிறது.

கருவி வந்தது... விபத்து குறைந்ததா?

இதுதான் முக்கியமான கேள்வி. ஈ.எல்.டி. கட்டாயமான பிறகு நேர விதியை மீறுபவர்கள் நன்றாகவே குறைந்தார்கள். ஆனால், எதிர்பார்த்தபடி விபத்துகள் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறது அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. அதைவிட, வேகமாக ஓட்டுவது போன்ற விதிமீறல்கள் கூடிவிட்டன. குறிப்பாகச் சின்னக் கம்பெனிகளின் லாரிகளில். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். முன்பு நேரம் போனால் இரவில் கொஞ்சம் கூடுதலாக ஓட்டி ஈடுகட்டுவார்கள். இப்போது அந்த வழி அடைபட்டதும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்கள். மைலுக்குக் கூலி, மணிக்கு வரம்பு என்று இரண்டு பக்கமும் நெருக்கினால், நடுவில் மிஞ்சுவது வேகம் ஒன்றுதான்.

கடிகாரம் களைப்பை அளக்காது என்பதற்கு 2014 ஜூன் மாதம் நடந்த ஒரு விபத்து சாட்சி. நியூஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரு லாரி, முன்னால் போன வேன் மீது மோதியது. வேனில் இருந்த நகைச்சுவை நடிகர் டிரேசி மார்கன் படுகாயமடைந்தார். அவருடைய நண்பரான இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் இறந்துபோனார். விசாரணையில் தெரியவந்த உண்மை அதிர்ச்சியானது. அந்த லாரி டிரைவர் 28 மணி நேரமாகத் தூங்கவில்லை. ஆனால், விபத்து நடந்த நிமிடத்தில் அவர் 14 மணி நேர வரம்புக்குள்தான் இருந்தார். வேலையைத் தொடங்கும் முன்பு, ஜார்ஜியாவில் இருக்கும் வீட்டிலிருந்து டெலவேரில் இருக்கும் வேலை இடத்துக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் சொந்தக் காரில் ஓட்டி வந்திருக்கிறார். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 'டிரைவருக்குத் தெரியாதா, தூக்கம் வந்தால் அவரே நிறுத்துவார்' என்று விட்டுவிட முடியாது. தூக்கம் வருவதைத் தூங்குகிறவர் உணர்வதற்குள் காலம் கடந்துவிடும். கம்பெனியின் நெருக்கடியும் உண்டு. உண்மையில், இன்னும் ஓட்டச் சொல்லி வற்புறுத்தும் முதலாளியிடம், 'கருவி காட்டிக்கொடுத்துவிடும், முடியாது' என்று சொல்ல ஈ.எல்.டி. ஒரு கவசமாக இருப்பதாகச் சொல்லும் டிரைவர்களும் இருக்கிறார்கள். விதியை மீறச் சொல்லி டிரைவரை மிரட்டினால் அபராதம் என்று 2016-ல் ஒரு விதி வந்தது. லாரி கம்பெனி மட்டுமில்லை, சரக்கு அனுப்புபவர், பெறுபவர், புரோக்கர் எல்லோருக்கும் அது பொருந்தும். மிரட்டக் கூடாது என்று சொன்ன சட்டம், காக்க வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

ஐரோப்பிய ஒன்றியத்தில் விதிகள் இன்னும் கடுமை. சாதாரணமாக ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை. ஆனால், அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில், ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கின் அளவையோ வைத்துச் சம்பளமோ போனஸோ தரக் கூடாது என்று கம்பெனிகளுக்குத் தடை போட்டிருக்கிறார்கள்.

கனடாவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை ஓட்டலாம். டொரன்டோ வட்டாரத்தில் லாரி ஓட்டும் ஈழத்தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் எல்லை தாண்டிப் போகிறவர்கள் இரண்டு கடிகாரங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்க மண்ணில் சக்கரம் பட்டால் 11 மணிக் கணக்கு ஆரம்பம்.

ஜப்பான் எடுத்த வழிதான் கவனிக்க வேண்டியது. 2024 ஏப்ரல் முதல் லாரி டிரைவர்களின் ஓவர்டைமுக்கு வருடத்துக்கு 960 மணி நேரம் என்று வரம்பு வந்தது. 'சரக்கு தேங்கிவிடும்' என்று நாடே பதறியது. அதற்கு '2024 பிரச்னை' என்று பெயரே வைத்தார்கள். ஆனால், அரசு டிரைவரை மட்டும் பிடிக்கவில்லை. லோடு ஏற்ற, இறக்க, காத்திருக்க எல்லாம் சேர்த்து 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2023-லேயே சரக்கு அனுப்பும், பெறும் நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. நேரம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் நேரம்தானே?

அமெரிக்காவிலும் மெதுவாக அசைவு தெரிகிறது. 14 மணி நேரக் கடிகாரத்தை 30 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நிறுத்திவைக்க அனுமதித்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ஒரு சோதனைத் திட்டத்தை 2025 ஜூனில் போக்குவரத்துத் துறை அறிவித்தது. 'குடோனில் காத்திருக்கும் நேரத்தில் நிம்மதியாகத் தூங்குவோம்' என்பது இதை வரவேற்கும் டிரைவர்களின் வாதம். 'அப்படியானால் குடோன்காரர்கள் இன்னும் 3 மணி நேரம் கூடுதலாகக் காக்க வைப்பார்கள்' என்பது எதிர்ப்பவர்களின் பயம். இரண்டிலுமே உண்மை இருக்கிறது.

நம்மூர் கதை

'நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லையே' என்று நினைக்கிறீர்களா? 1961-லேயே வந்துவிட்டது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று பெயர். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரையறுத்தது. நெடுந்தூரப் பயணங்களுக்கு அனுமதி பெற்று 10 மணி நேரம் வரை போகலாம் என்றது. 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரம் ஓய்வு என்றும் சொன்னது. காகிதத்தில் பார்த்தால் அமெரிக்காவைவிட அந்தச் சட்டம் டிரைவர்களுக்கு அனுசரணையாக இருந்தது!

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரி ஏறி வட இந்தியா போய்த் திரும்பும் ஒரு டிரைவரிடம் இந்த 8 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நடைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ஓட்டுபவருக்கு, நின்றால் நஷ்டம். கணக்கெடுக்கக் கருவியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 2021-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளைப்போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும், தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் பொருத்த வேண்டும் என்று பேசினார். நல்ல யோசனை. ஒரு நாள் அது இங்கேயும் வரும். வர வேண்டும்.

அப்படி வரும்போது அமெரிக்க டிரைவர்களின் அனுபவம் நமக்குப் பாடமாக இருக்க வேண்டும். லாரியில் மட்டும் கடிகாரத்தை மாட்டினால், டிரைவர் வேகமாக ஓட்டுவார், அல்லது கூலியை இழப்பார். குடோன் வாசலிலும் ஒரு கடிகாரம் மாட்ட வேண்டும். வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுத வேண்டும். 2 மணி நேரத்தைத் தாண்டினால் அதற்கான கூலி டிரைவர் கைக்கே போக வேண்டும். நிறுத்தித் தூங்க நெடுஞ்சாலையில் வெளிச்சமான, காவலுள்ள இடமும், கழிவறையும், குளிக்கத் தண்ணீரும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் இல்லாமல் 'தூங்கு' என்று மட்டும் சட்டம் போட்டால், டிரைவர் படுப்பார். நாளைய கூலிக்கு என்ன செய்வது என்ற யோசனையில் தூக்கம் வராது.